பாட்டுக்குக் கொடுத்த காசு பாடினவர் கைக்குப் போகுதா?

இணையத்தில் இருந்து ஒரு பாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிக் கேட்பது திருட்டா, இல்லையா? கால் நூற்றாண்டாக இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. திருடினால் கலைஞன் பட்டினி கிடப்பான் என்கின்றன ரெக்கார்டு கம்பெனிகள். கம்பெனிதான் கலைஞனைக் கொள்ளையடிக்குது, நாங்க அவன் பாட்டை உலகம் பூரா கொண்டு போறோம் என்கிறார்கள் பகிர்வுக்காரர்கள். ரெண்டு தரப்பும் கலைஞன் பேரைச் சொல்லித்தான் சண்டை போடுது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டம் ஏன் இப்படி நடந்துக்குதுன்னு புரியாவிட்டால், டேட்டா எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்ந்து பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். இங்கே டேட்டாவுக்குப் பதில் காசு. அதைப் பின்தொடர்ந்து போனதில் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சட்டப்படி வாங்கினோமா?" என்பது ஒரு கேள்வி. "பாடினவருக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் இரண்டாவதுக்கும் ஆமாம்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோளாறு அங்கேதான் இருக்கு.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

இது புரியாமல் மேலே போக முடியாது. ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிப் பதிப்புரிமை இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இந்த ஒலிப்பதிவை 'மாஸ்டர்' என்பார்கள். படைப்பு எழுதியவரிடமும் அவரோடு ஒப்பந்தம் போட்ட பப்ளிஷரிடமும் இருக்கும். மாஸ்டர் பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம் போய்விடும்.

டெய்லர் ஸ்விஃப்ட் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் அவரிடம் இல்லை, கம்பெனியிடம் இருந்தது. 2019-ல் அந்தக் கம்பெனியையே இன்னொருவர் வாங்கினார், மாஸ்டரும் சேர்ந்து கைமாறியது. ஆனால் பாட்டை எழுதியது ஸ்விஃப்ட். அதனால் 2021 முதல் அந்தப் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாடிப் பதிவு செய்து வெளியிட ஆரம்பித்தார். ஒரே பாட்டு, இரண்டு பதிவு. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து காசு வேறு வேறு பாக்கெட்டுக்குப் போகும். கடைசியில் 2025-ல் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் டெய்லர் ஸ்விஃப்ட், அதனால் முடிந்தது. சின்ன ஊர் கிளப்பில் வாசிக்கிற ஒரு பையனுக்கு இது நடக்குமா? நடக்காது. சுயாதீன இசைக்கலைஞர் என்று நாம் சொல்வதன் அடிப்படைப் பொருளே இதுதான்: மாஸ்டர் அவர் கையிலேயே இருக்கிறது.

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை

1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் நாப்ஸ்டர் என்ற மென்பொருளை வெளியிட்டார். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எம்பி3 ஃபைல்களின் பட்டியல் நாப்ஸ்டரின் சர்வருக்குப் போகும். தேடுபவருக்கு அந்தப் பட்டியலில் இருந்து பதில் வரும். பாட்டு மட்டும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அவர் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்த மையப் பட்டியல்தான் பின்னால் கோர்ட்டில் அவர்களுக்கு வினையானது.

அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது. 2000 ஏப்ரலில் மெட்டாலிகா குழுவும் வழக்குப் போட்டது. 3,35,435 பயனாளர்களின் பெயர்ப் பட்டியலை அச்சடித்து, பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே கொண்டு போய்க் கொடுத்தார்கள். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாப்ஸ்டருக்கு எதிராகச் சொன்னது. ஜூலையில் சேவை நின்றது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு கதை அதே நாட்களில் நடந்தது. அமெரிக்கச் சட்டப்படி, தன் உரிமையை எழுதிக் கொடுத்த படைப்பாளி 35 வருஷம் கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம். இளம் வயதில் பேரம் பேசத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவருக்கு 1976-ம் வருஷச் சட்டம் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அது. முக்கியமான விதிவிலக்கு, 'கூலிக்குச் செய்த வேலை'. சம்பளத்துக்கு நான் எழுதும் கோடு என் கம்பெனிக்குச் சொந்தமாவது போல, கூலிக்குச் செய்த வேலை என்று ஆகிவிட்டால் திரும்பக் கேட்கவே முடியாது.

1999 நவம்பர் கடைசியில் சாட்டிலைட் டி.வி. சம்பந்தமான ஒரு சட்டம் கையெழுத்தானது. அதற்குள்ளே நான்கே நான்கு ஆங்கிலச் சொற்கள் சத்தமில்லாமல் நுழைந்திருந்தன. ஒலிப்பதிவையும் கூலி வேலைப் பட்டியலில் சேர்த்த சொற்கள். பொது விசாரணை எதுவும் நடக்கவில்லை. அதைச் சேர்த்த நாடாளுமன்றக் குழு அலுவலர் சில மாதங்களிலேயே ஆர்.ஐ.ஏ.ஏ.வில் பெரிய வேலைக்குப் போனார். சங்கம், இது வெறும் தொழில்நுட்பத் திருத்தம், ஏற்கெனவே இருப்பதைத் தெளிவுபடுத்துகிறோம் என்றது. பாடகர்கள் கொதித்துப்போனார்கள். ஷெரில் க்ரோ நாடாளுமன்றக் குழு முன்னால் போய் சாட்சி சொன்னார். 2000 அக்டோபரில் அந்தச் சொற்களை நீக்கி இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலைஞனைக் காப்பாற்ற வேண்டும் என்று நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டதற்குச் சில நாள் முன்புதான், அதே கலைஞனின் 35 வருஷ உரிமை சட்டப் புத்தகத்திலிருந்து காணாமல் போயிருந்தது. நாப்ஸ்டர் கலைஞருக்கு நல்லது செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கலைஞருக்காகப் பேசுகிறேன் என்பவர் யாருடைய வக்கீல் என்று முதலில் பார்க்கணும், அவ்வளவுதான்.

பத்து லட்சம் பிரதி விற்றும் கையில் பூஜ்யம்

2000 மே மாதம் ஹோல் குழுவின் பாடகி கோர்ட்னி லவ் ஒரு மாநாட்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உதாரணக் கணக்குதான், ஆனால் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பது இதைவிடத் தெளிவாகப் புரியாது.

நாலு பேர் உள்ள ஒரு குழுவுக்குக் கம்பெனி 10 லட்சம் டாலர் முன்பணம் தருகிறது. அதில் 5 லட்சம் பதிவுச் செலவு. மேனேஜருக்கு 1 லட்சம். வக்கீலுக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் ஆளுக்கு 25 ஆயிரம். மிச்சம் 3.5 லட்சம். அதில் வரி 1.7 லட்சம். ஆக 1.8 லட்சம் டாலரை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 45 ஆயிரம். ஆல்பம் வெளிவரும் வரை ஒரு வருஷம் இதில்தான் ஓட்டணும்.

ஆல்பம் சக்கைப்போடு போட்டு 10 லட்சம் பிரதி விற்கிறது. பிரதிக்கு 2 டாலர் ராயல்டி, மொத்தம் 20 லட்சம். ஆகா! ஆனால் முன்பணம் என்பது கடன். அந்த 10 லட்சத்தைக் கழி. வீடியோ எடுத்ததில் பாதிச் செலவு 5 லட்சம், கழி. சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த 2 லட்சம், கழி. ரேடியோவில் போட வைத்த செலவு 3 லட்சம், கழி. மிச்சம் பூஜ்யம். அதே ஆல்பத்தில் கம்பெனிக்குக் கிடைத்த லாபம், அவர் கணக்குப்படி, 66 லட்சம் டாலர்.

கடனை அடைத்தாகிவிட்டது. மாஸ்டர் யாருடையது? கம்பெனியுடையது. வீட்டுக்கடன் தவணை முழுக்கக் கட்டின பிறகும் பத்திரம் பேங்க் பேரிலேயே இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

கம்பெனி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பத்து குழுவில் பணம் போட்டால் ஓடுவது ஒன்றோ இரண்டோ. ஓடாத குழுவிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அந்த ரிஸ்க்குக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான். நக்கட்டும். தேன்கூட்டையே வீட்டுக்குக் கொண்டு போவதைத்தான் கேட்கிறோம்.

கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். நாப்ஸ்டர், அதற்குப் பிறகு வந்த கஸா, அப்புறம் டோரண்ட் தளங்கள். இவர்கள் கலைஞருக்கு என்ன கொடுத்தார்கள்? விளம்பரம் கொடுத்தோம் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அதற்கு முன் கேட்க வழியே இல்லாத பாட்டைக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் பாட்டு பிடித்தவர் பாடினவருக்கு ஒரு டாலர் அனுப்ப நாப்ஸ்டரில் ஒரு பட்டன் கூட இருந்ததில்லை. நாப்ஸ்டர் வென்ச்சர் கேபிடல் பணத்தில் ஓடியது. கஸா விளம்பரத்தில் சம்பாதித்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. புண்ணியம் உடைத்தவருக்கு, நஷ்டம் கடைக்காரருக்கு.

நஷ்டம் எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இறக்கிக் கேட்பதால் ஆல்பம் விற்பனையில் வந்த பாதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றார்கள். லீபோவிட்ஸ் போன்றவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். எது எப்படியோ, அமெரிக்காவில் 1999-ல் 1,460 கோடி டாலராக இருந்த ஒலிப்பதிவு வருமானம் 2014 வாக்கில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பகிர்வால் யாருக்கும் நஷ்டமே இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

இதற்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த மருந்து, ரசிகர் மேலேயே வழக்கு. 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மேல் போட்டார்கள். அதில் ஒரு 12 வயசுப் பெண்ணும் உண்டு; அவள் அம்மா 2,000 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார். மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவர் 24 பாட்டுக்காக நீதிமன்றம் ஏறினார். முதல் விசாரணையில் 2,22,000 டாலர் அபராதம். மறு விசாரணையில் 19 லட்சத்து 20 ஆயிரம். மூன்றாவது விசாரணையில் 15 லட்சம். கடைசியில் 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-க்கே கொண்டுவந்து நிறுத்தியது. பாட்டுக்கு 9,250 டாலர். வழக்கில் வாதி கம்பெனிகள், தீர்ப்பும் கம்பெனிகளுக்கு. 2008 கடைசியில் ஆர்.ஐ.ஏ.ஏ.வே கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

சண்டைக்கு நடுவே கடை போட்டவர்கள்

இந்தக் கூச்சலுக்கு நடுவில் சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெரிக் சிவர்ஸ் ஒரு இசைக்கலைஞர். சொந்த சி.டி.யை விற்க 1998-ல் ஒரு தளம் போட்டார். நண்பர்கள் "எங்களதையும் வித்துக் கொடு" என்று கேட்க, அது சிடி பேபி என்ற கடையாக வளர்ந்தது. விலையைக் கலைஞரே வைப்பார். கடைக்கு சி.டி.க்கு 4 டாலர். மிச்சம் முழுக்க கலைஞருக்கு, வாராவாரம் பட்டுவாடா. முன்பணம் இல்லை, கழித்தல் இல்லை, மாஸ்டர் கைமாறுவதும் இல்லை. நாப்ஸ்டர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஜோனதன் கோல்டன் என் தொழில்காரர். நியூயார்க்கில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். 2005-ல் வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு பாட்டு என்று எழுதிப் பாடித் தன் தளத்தில் போட்டார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டதால், என் பெயரைச் சொல்லி, வியாபாரம் செய்யாமல், தாராளமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஆயிற்று. பிடித்தவர்கள் விலை கொடுத்தும் வாங்கினார்கள், கச்சேரிக்கும் வந்தார்கள். அதில் குடும்பம் நடத்தினார். எங்கள் துறையில் ஓப்பன் சோர்ஸ் எப்படியோ, அப்படி. பிரதி எடுப்பதைத் தடுக்காமல், பிரதி எடுப்பவரை வாடிக்கையாளராக மாற்றிக்கொண்டார்.

2007 அக்டோபரில் ரேடியோஹெட் குழு, கம்பெனி ஒப்பந்தம் முடிந்த நிலையில், 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தன் தளத்திலேயே வெளியிட்டு, விருப்பப்பட்ட விலை கொடுங்கள் என்றது. பூஜ்யமும் போடலாம். 2008 மார்ச்சில் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு 36 பாட்டில் 9-ஐ இலவசமாகக் கொடுத்து, முழுவதும் 5 டாலர் என்றது. 300 டாலர் விலையுள்ள 2,500 சிறப்புப் பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன. முதல் வாரத்தில் வந்தது 16 லட்சம் டாலர்.

இதைப் பார்த்து "ஆகா, எல்லோரும் இப்படிச் செய்யலாமே" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு குழுவுக்கும் பல வருஷம் கம்பெனிகள் செய்த விளம்பரத்தால் வந்த ரசிகர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அறிமுகமில்லாத கலைஞருக்குப் பொருந்தும் பாடம் கோல்டனுடையதுதான்.

அதே கோல்டனுக்கு நடந்த ஒன்றையும் சொல்லணும். இன்னொருவரின் ராப் பாட்டை முறையாக உரிமம் வாங்கி, புது மெட்டில் மென்மையாகப் பாடி வெளியிட்டிருந்தார். 2013-ல் 'க்ளீ' என்ற பெரிய டி.வி. தொடரில் அதே மெட்டு, அதே அமைப்பு, அவர் மாற்றிய சொல் உட்பட அப்படியே வந்தது. பெயர் கிடையாது, காசு கிடையாது. கேட்டதற்கு, சட்டப்படி எங்கள் பக்கம் தவறில்லை, கிடைத்த விளம்பரத்துக்கு சந்தோஷப்படுங்கள் என்ற தோரணையில் பதில் வந்ததாக அவரே எழுதினார். நாப்ஸ்டர்காரர்கள் சொன்ன அதே 'விளம்பரம்'! இப்போது சொன்னது பெரிய கம்பெனி.

2018-ல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ கலைஞர் தான் வாசித்த பாஹ் இசையின் ஒரு துண்டை ஃபேஸ்புக்கில் போட்டார். சோனி மியூசிக்கின் பேரில் பதிப்புரிமைக் கோரிக்கை தானாகப் பாய்ந்து, 47 நொடிக்கு ஒலி போய்விட்டது. பாஹ் இறந்தது 1750-ல். பதிப்புரிமை என்ற ஆயுதம் காகிதத்தில் எல்லோருக்கும் பொது. நடைமுறையில் வக்கீலும் அல்காரிதமும் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் அது சுழலும்.

சந்தா கட்டுறோமே, போதாதா?

இப்போது யாரும் திருடவே தேவையில்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் என்று மாசம் நூறு சொச்சம் ரூபாய்க்கு உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்குது. சட்டப்படி சுத்தம். அந்தக் காசு எங்கே போகுது?

சின்ன உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். பத்து பேர் தலைக்கு 100 ரூபாய் சந்தா கட்டுகிறோம். 1,000 ரூபாய். தளம் 300 எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 700 ஒரே பானையில் கொட்டப்படுகிறது. மற்ற ஒன்பது பேர் ஆளுக்கு 1,000 தடவை சினிமாப் பாட்டுகளை ஓட விடுகிறார்கள். நான் அந்த மாசம் முழுக்க ஒரே ஒரு சுயாதீன வயலின் கலைஞரை 100 தடவை கேட்கிறேன். மொத்தம் 9,100 தடவை. அவர் பங்கு 9,100-ல் 100. அதாவது 700 ரூபாயில் 7 ரூபாய் 69 காசு.

நான் வேறு யாரையும் கேட்கவே இல்லை. என் சந்தாவில் கலைஞர்களுக்கென்று ஒதுங்கிய 70 ரூபாயில் 62 ரூபாய்க்கு மேல் நான் கேட்காத பாட்டுகளுக்குப் போய்விட்டது. பெரிய ஸ்ட்ரீமிங் தளங்கள் பங்கு பிரிக்கும் அடிப்படை முறை இதுதான். இதில் மோசடி எதுவும் இல்லை. மொத்தப் பணத்தை மொத்தக் கேட்பு எண்ணிக்கையால் வகுக்கும் எளிய கணக்கு. ஆனால் அந்த எளிமையின் செலவு சின்னக் கலைஞர் தலையில் விழுகிறது. சவுண்ட்கிளவுட் 2021-ல் வேறு மாதிரி செய்ய ஆரம்பித்தது: ஒரு ரசிகரின் சந்தா அவர் கேட்டவர்களுக்கு மட்டும். தொழில்நுட்ப ரீதியாக இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்பாட்டிஃபை எதிர்த் திசையில் போனது. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்தக் காசு மற்ற பாட்டுகளுக்குப் போகும்.

நம்ம ஊர் நிலவரம்

நம் நாட்டில் கதை சினிமாவைச் சுற்றியே ஓடியது. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக இசையமைத்துக் கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொன்னது. பாடகருக்கு நம் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாத குறையை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பிலேயே தனியாக எடுத்து எழுதினார். பாடலாசிரியர், இசையமைப்பாளர் நிலைமை ஓரளவு மாற 2012 வரை ஆயிற்று. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முன்னின்று போராடியதில் வந்த திருத்தம் அது. தியேட்டரில் படத்தோடு காட்டுவது போக மற்ற வழியில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு, அதை அவர்களே விரும்பினாலும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது.

சினிமாவுக்கு வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2021-ல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' தமிழில் சினிமாவுக்கு வெளியே உலகம் பூரா போன பாட்டு. யூடியூபில் நாற்பது கோடிக்கு மேல் பார்வை. 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருஷம் ஆனபோது, சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் வந்து, இந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் எங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்றார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்துத் தன் தரப்பைச் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நாற்பது கோடி தடவை நாம் சட்டப்படிதான் பார்த்தோம். அதற்குப் பிறகும் காசு வந்ததா வரலையா என்று கலைஞர் ஊரறியப் பேச வேண்டி வருது. கட்டுரையின் முதல் பத்தியில் இருந்த சண்டையில் இதற்குப் பதில் எந்தப் பக்கமும் இல்லை.

அப்போ நாம என்ன செய்யலாம்?

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

1. ஸ்ட்ரீமிங்கைப் பாட்டு கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ மாதிரி. ஒரு கலைஞரை மூன்றாவது தடவை தேடிப் போய்க் கேட்கிறீர்கள் என்றால், அவரிடம் நேரடியாக வாங்கும் நேரம் வந்துவிட்டது.

2. நேரடியாக வாங்கும் இடத்தில் இடைத்தரகு எவ்வளவு என்று பாருங்கள். 2008-ல் வந்த பேண்ட்கேம்ப் டிஜிட்டல் ஆல்பத்துக்கு 15 சதவீதம் எடுக்கிறது, நன்றாக விற்பவருக்கு அது 10 ஆகிறது. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவருடைய லேபிளுக்கோ போவதாக அவர்களே சொல்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஒரே நாளில் 43 லட்சம் டாலருக்கு ரசிகர்கள் வாங்கினார்கள். பேண்ட்கேம்ப் வெள்ளி என்ற பேரில் அது அப்புறமும் தொடர்ந்தது. நம்ம ஊர் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் ஆன் செய்துகொள்ளணும், அவ்வளவுதான்.

3. எந்தக் கடையையும் கோயிலாக்கிவிடாதீர்கள். பேண்ட்கேம்ப்பை 2022-ல் எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த வருஷமே வேறு கம்பெனிக்கு விற்றது, ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. கடை கைமாறினாலும் அறுந்து போகாத தொடர்பு கலைஞருடைய சொந்தத் தளமும் மின்னஞ்சல் பட்டியலும்தான். அதில் பெயர் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை, அவருக்கு அடுத்த ஆல்பத்தின் முதல் வாடிக்கையாளர்.

4. கச்சேரிக்குப் போனால் வாசலில் போட்டிருக்கும் மேஜையில் சி.டி.யோ டி-ஷர்ட்டோ ஒன்று வாங்குங்கள். சில அரங்கங்கள் அதிலும் பங்கு கேட்கின்றன என்பது உண்மைதான். இருந்தாலும் ஸ்ட்ரீமிங்கில் ஆயிரக்கணக்கான தடவை கேட்டால் வருவது அங்கே ஒரே கையில் போய்விடும்.

5. பகிர்வதென்றால் உரிமம் பார்த்துப் பகிருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தால் கலைஞரே "எடுத்துக்கோ" என்று சொன்ன மாதிரி. பேரைச் சொல்லி, அவர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துப் பகிர்ந்தால் அது உண்மையான விளம்பரம். அப்படிப் போடாத சுயாதீனக் கலைஞரின் பாட்டை வாட்ஸப்பில் ஃபைலாகச் சுற்ற விடுவது கம்பெனியை எதிர்க்கும் புரட்சி ஆகாது. அங்கே கம்பெனியே கிடையாது. நஷ்டம் நேராக அவருக்குத்தான்.

கெவின் கெல்லி 2008-ல் ஒரு கட்டுரையில் எளிய கணக்கு ஒன்று போட்டார். ஒரு கலைஞருக்கு வருஷம் 100 டாலர் செலவழிக்கத் தயாரான ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார். பல கலைஞர்களுக்கு அந்த ஆயிரம் பேர் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பது உண்மை. ஆனால் கணக்கின் சாரத்தை நம் பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். ஒரு சூப்பர்ஸ்டாருக்கு நீங்கள் கோடியில் ஒருவர். ஒரு சுயாதீனக் கலைஞருக்கு நீங்கள் ஆயிரத்தில் ஒருவர், சில சமயம் நூற்றில் ஒருவர். நீங்கள் கொடுக்கும் 500 ரூபாய்க்கு அங்கே இருக்கும் எடையே வேறு.

நான் மாசத்துக்கு ஒரு ஆல்பம் என்று வைத்திருக்கிறேன். சரவண பவனில் இரண்டு பேர் சாப்பிடும் செலவை விடக் குறைவு. வாங்கியது ஃபைலாக என் டிஸ்க்கிலேயே இருப்பதால், நாளைக்கு எந்தத் தளம் மூடினாலும் என் பாட்டு என்னிடம் இருக்கும். பதிப்புரிமைச் சட்டம் மாறும், வழக்குகள் நடக்கும், அதெல்லாம் அதன் வேகத்தில் நடக்கட்டும். இந்த மாசம் உங்களுக்குப் பிடித்த, பெரிய கம்பெனி பின்னால் இல்லாத ஒருவரைத் தேடி, அவர் எங்கே நேரடியாக விற்கிறார் என்று பாருங்கள். கண்டுபிடித்தால் பின்னூட்டத்தில் அவர் பேரைப் போடுங்க, நானும் கேட்டுப் பார்க்கிறேன்.